தென்னாப்பிரிக்காவின் பழங்கொடி ஒயின்கள்: கேள்வி பதில்

கேள்வி: பாட்டில் கழுத்தில் 'செர்டிஃபைடு ஹெரிடேஜ் வின்யார்ட்ஸ்' முத்திரை இருக்கிறது. இயற்கை ஒயின் என்று நம்பி வாங்கலாமா சார்?

பதில்: அந்த முத்திரை திராட்சைக் கொடியின் வயதுக்கு மட்டும்தான். திராட்சை வளர்ப்பு நிபுணர் ரோசா க்ரூகர் 2002 முதல் தேடித் தேடிப் பட்டியலிட்ட தோட்டங்களிலிருந்து வளர்ந்த ஓல்ட் வைன் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு அதைத் தருகிறது. கொடிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். நட்ட ஆண்டு முத்திரையிலேயே இருக்கும். களைக்கொல்லி அடித்தார்களா, ஈஸ்ட் வாங்கிப் போட்டார்களா என்பதெல்லாம் அதில் வராது. ஆர்கானிக்குக்குத் தனிச் சான்று உண்டு. மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: நட்ட ஆண்டு, தோட்டத்தின் சான்று, ஒயின் கெடாமல் காக்கும் சல்பைட் லிட்டருக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம். கடைசிக் கேள்விக்கு எண்ணாகவே பதில் சொல்பவர்களிடம் தைரியமாக வாங்கலாம்.

கேள்வி: எல்லாரும் ஸ்வார்ட்லாந்து வட்டாரத்தையே சொல்கிறார்களே, ஏன்?

பதில்: அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், காய் முற்றும் கோடை வறண்டிருக்கும். அதனால் அடிச்சாம்பல் நோய் குறைவு. சாம்பல் நோயைக் கந்தகத்தூளே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். பார்டபெர்க் மலையின் கிரானைட் மண்ணில் பந்தலோ கம்பியோ இல்லாமல் தனிச்செடியாக நிற்கும் பழைய ஷெனின் பிளாங்க் (வெள்ளை ஒயின் திராட்சை) பாசனமின்றியே காய்க்கிறது. களைக்கு எதிராக ஏப்ரல், மே மழையில் (அங்கே அது இலையுதிர்காலம்) ஓட்ஸ், ட்ரிட்டிகாலே என்ற தானியப் பயிர்களை விதைத்து, வசந்தத்தில் உருளையால் சாய்த்து மூடாக்காக விடுவார்கள். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். சாய்க்கத் தாமதித்தால் கொடிக்கான ஈரத்தைப் பயிர் குடித்துவிடும்.

கேள்வி: பழைய தோட்டத்தில் செத்த கொடிகளின் இடத்தை எப்படி நிரப்புவது?

பதில்: இளங்கன்று வைத்தால் பக்கத்துக் கிழட்டுக் கொடிகளின் வேரோடு தண்ணீருக்குப் போட்டி போட முடியாமல் பல கன்றுகள் காய்ந்துவிடும். பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையைக் கவாத்தில் வெட்டாமல் விட்டு, மண்ணுக்குள் வளைத்துப் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். தாய்க்கொடியின் சாறு ஓடுவதால் பதியம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டியதல்ல, சொந்த வேரில் நிற்பது. சொந்த வேரை அழிக்கும் ஃபில்லாக்ஸெரா பூச்சி மணலில் பெருகாது என்பதால் ஸ்கர்ஃபபெர்க் போன்ற மணல்பாங்கான இடங்களில் இது சரிவரும், களிமண்ணில் ஆபத்து. தாய்க்கொடியில் இலைச்சுருள் நச்சுயிரி இருந்தால் பதியத்துக்கும் வந்துவிடும். அதைப் பரப்பும் மாவுப்பூச்சியை ஒட்டுண்ணிக் குளவி விட்டு அடக்கலாம், அதற்கு முன் எறும்பைக் கட்டுப்படுத்த வேண்டும். மாவுப்பூச்சிக்குக் காவலே எறும்புதான்.

கேள்வி: ஏன் இவ்வளவு விலை?

பதில்: ஹெக்டேருக்கு 3, 4 டன்கூடத் தேறாத தோட்டங்கள் நிறைய. டன் கணக்கில் பழத்துக்கு விலை பேசினால் விவசாயி கொடியைப் பிடுங்கிவிடுவார், பலர் பிடுங்கியும் விட்டார்கள். இந்த விலையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

கேள்வி: சில பாட்டில்கள் விழுங்கியபின் எலிப்புழுக்கை மாதிரி வாடை அடிக்கிறது. மூக்குக்கு மட்டும் தெரிவதில்லை!

பதில்: ஒயினின் புளிப்பில் அந்த வாடை அடங்கிக் கிடக்கும், எச்சிலில் புளிப்பு குறைந்ததும் எழும். புறங்கையில் ஒரு துளி தேய்த்து முகர்ந்தால் முன்கூட்டியே தெரியும். வாடையை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். வெயிலில் பழம் மிஞ்சிப் பழுத்து pH ஏறுவது (அதாவது புளிப்பு குறைவது) அவை பெருக முக்கியக் காரணம். pH 3.2-இல் கட்டற்ற (வேறெதோடும் பிணையாத) சல்பைட்டில் ஏறக்குறைய 4% நுண்ணுயிரைக் கொல்லும் வடிவில் இருக்கும், 3.8-இல் 1% மட்டுமே. அதே அளவு போட்டாலும் காப்பு நாலில் ஒரு பங்கு! ஆகவே கொஞ்சம் முன்னதாக, விடியற்காலையில் அறுவடை செய்யுங்கள். பீப்பாயைத் ததும்ப நிரப்பி வையுங்கள். லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கி, பழத்தின் இயல்பான புளிப்பான மாலிக் அமிலமும் தீர்ந்த பிறகே பாட்டிலில் அடையுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே மறுபடி நொதிக்கும்.

கேள்வி: வடிகட்டாத பாட்டிலை எப்படிப் பரிமாறுவது?

பதில்: முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்க விடுங்கள். ஷெனினுக்கு 10–12 டிகிரி, சின்சோ என்ற சிவப்பு ஒயினுக்கு 14. நாக்கில் சுருக்கென்று வாயு தட்டினால் குடுவையில் ஊற்றிச் சுழற்றுங்கள், போய்விடும்.