முன்மாதிரிகளும் ஒரு ஷில்லிங்கும்

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆண்டுதோறும் ‘என் முன்மாதிரி’ என்று கட்டுரைப் போட்டி வைக்கிறோம். முக்கால்வாசிப் பேர் அப்துல் கலாமைப் பற்றி எழுதுகிறார்கள். எல்லாம் ஒரே கட்டுரை போலவே இருக்கின்றன. பரிசு கொடுத்து முடித்த மறுநாள் வகுப்பில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. பெரியவர்களின் வாழ்க்கையைப் படிப்பதால் பிள்ளைகள் உண்மையிலேயே மாறுவார்களா? வாழ்க்கையில் என்ன செய்யப் போகிறோம் என்ற தெளிவு எந்த வயதில் வர வேண்டும்? வீட்டில் வசதியில்லாத பிள்ளைகளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டுரைகள் ஒரே மாதிரி வருவது பிள்ளைகளின் குற்றமில்லை. நாம் அவர்கள் கையில் கொடுக்கும் வாழ்க்கை வரலாறுகளில் பிறப்பு, வறுமை, விடாமுயற்சி, விருது என்று எல்லாம் இருக்கும். அந்த மனிதர் வேலை முடிந்த ஒரு சாயங்காலம் எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மட்டும் இருக்காது. அது தெரியாத பிள்ளைக்கு வியப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீங்கள் அறிவியல் எடுப்பவர் என்பதால் ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயை வைத்தே பேசுகிறேன். காந்தத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கவைக்கும் மின்காந்தத் தூண்டல் பாடத்தில் எப்படியும் அவர் பெயர் வரத்தான் போகிறது.

1791-இல் லண்டனை ஒட்டிய நியூவிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி நோயில் விழுந்தவர். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு நின்றது. 1804-இல் ப்ளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். செய்தித்தாளை வாடிக்கையாளர் வீட்டில் கொடுத்துவிட்டு, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவதுதான் வேலை. மறு ஆண்டு அங்கேயே ஏழாண்டு பைண்டிங் பயிற்சி. அதற்கு முன்பணம் கட்டுவது அன்றைய வழக்கம். பையன் உண்மையாக உழைத்தான் என்பதற்காக ரீபோ அதை வாங்கவில்லை. அந்தத் தொகையைக் கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் பிரித்துப் படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று. ஜேன் மார்செட் என்ற பெண்மணி, தன் பெயரைப் போடாமல் 1806-இல் வெளியிட்ட வேதியியல் நூல் இன்னொன்று. ஓர் ஆசிரியை இரண்டு சிறுமிகளோடு பேசும் வடிவில் அமைந்தது அது. அதில் சொன்னவற்றைத் தன் கைக்காசுக்கு எட்டிய சின்னச் சின்னச் சோதனைகளால் சரிபார்த்தார். சொன்னபடியே நடந்ததால்தான் அந்த நூலின் மேல் பிடிப்பு வந்தது என்று முதுமையில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் தன் ஆய்வுக் கட்டுரைகளை மார்செட்டுக்கு நன்றியோடு அனுப்பிவைத்தார். அவருடைய முதல் வழிகாட்டி என்று நான் சொல்வது இந்தப் பெண்மணியைத்தான். பின்னாளில் ஃபாரடேக்கு வேலை கொடுத்த வேதியியலாளர் டேவியின் பெயருக்குப் பின்னால் இவர் மறைந்துபோவது வருத்தமானது.

தானாகப் படிப்பது எப்படி என்பதை ஐசக் வாட்ஸ் என்ற போதகரின் நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். குறிப்பேடு வைத்துக்கொள், சொற்பொழிவுகளுக்குப் போ, ஒரு நண்பனோடு கடிதம் எழுதிப் பழகு, சிறு குழுவாகக் கூடிப் பேசு என்பவை அதிலுள்ள யோசனைகள். ஃபாரடே எல்லாவற்றையும் செய்தார். ஜான் டாட்டம் என்பவர் இரவு எட்டு மணிக்குத் தன் வீட்டில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு 1810, 1811-இல் போனார். ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லராகவே இருந்த அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்தார். குறிப்புகளுக்குப் படம் வரையத் தெரியவில்லை. ரீபோ வீட்டில் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். எழுத்துப் பிழைகளையும் இலக்கணத்தையும் திருத்த மக்ராத் என்ற நண்பர். கடிதம் எழுத, தன்னைவிட நன்றாகப் படித்திருந்த அபட். ஒவ்வொரு குறைக்கும் ஓர் ஆள் கிடைத்ததைக் கவனியுங்கள். ஒரே மாமனிதரிடம் எல்லாவற்றையும் தேடச் சொல்லும் நம் போட்டித் தலைப்பு இங்கேதான் தவறுகிறது.

1812-இல், கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த சீட்டில், லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. அரங்கில் பென்சிலால் முக்கியச் சொற்கள், சோதனைகளின் தலைப்புகள், பொருள்களின் பெயர்கள் மட்டும். வீடு திரும்பியதும், சூடு ஆறுவதற்குள், அதையே இன்னும் விரிவாகக் கோவையாக எழுதுவார். அந்த இரண்டாம் குறிப்பை வரிசைக்கு வைத்துக்கொண்டு, மீதியை நினைவிலிருந்து எடுத்து, முழுச் சொற்பொழிவையும் கரடுமுரடாக ஒரு தடவை. அதன் பிறகு படங்களோடு சுத்தப் பிரதி. 300 பக்கங்களுக்கு மேல் வந்தது; தானே பைண்டு செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். 1813 ஜனவரியில் கூப்பிட்டுப் பார்த்த டேவி, பைண்டிங் தொழிலையே விடாமல் செய் என்றுதான் சொன்னார். பிறகு ஆய்வக உதவியாளரை நீக்க நேர்ந்தபோது இவரை அழைத்தார்: மார்ச்சிலிருந்து வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் இரண்டு அறை, விறகுச் செலவு, மெழுகுவர்த்தி. வேலையை வாங்கிக்கொடுத்தது ‘உங்களைப் போல் ஆக வேண்டும்’ என்ற ஆசையா, அந்த 300 பக்கமா என்று உங்கள் மாணவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

டேவி எட்டாத உயரத்தில் இருந்தவரும் இல்லை. கார்ன்வாலில் மரச்சிற்ப வேலை செய்தவரின் மகன். மருந்து தயாரிப்பவரிடம் பயிற்சிக்கு இருந்தவர். நம்மைப் போன்ற இடத்திலிருந்து கிளம்பியவர் என்று தெரியும்போதுதான் பிள்ளைக்கு வழி கண்ணில் படும். டேவியின் மறுபக்கத்தையும் மறைக்காதீர்கள். 1813 முதல் 1815 வரை ஐரோப்பியப் பயணத்தில் ஃபாரடே உதவியாளராகப் போய்ப் பணியாளின் வேலையும் சேர்த்துச் செய்தார்; டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். 1824-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியலாளர் சங்கத்துக்கு ஃபாரடேயைத் தேர்ந்தெடுக்கும்போது தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். ஆனாலும் ஆய்வகத்தில் டேவியிடம் கற்ற கைவேலை ஃபாரடேயை விட்டுப் போகவில்லை. குறையே இல்லாதவராகக் காட்டிய ஆளின் குறை ஒரு நாள் தெரியவரும்போது, பிள்ளை அவரிடம் கற்றதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும்.

வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 21 வயதில் ஃபாரடே பைண்டர். இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்கள் சுற்றித் தூண்டலைக் கண்டது 1831 ஆகஸ்ட் 29-இல், 40-ஐத் தொடவிருந்தபோது. அவருடைய இலக்கு வேலைக்குள் இருந்தபடியே உருவானது. 14 வயதுப் பிள்ளையிடம் ‘உன் இலட்சியம் என்ன’ என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். ‘போன வாரம் எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை’ என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் கிடைக்காத கணிதம் ஃபாரடேக்குக் கடைசிவரை கைவரவில்லை. காந்தத்தைச் சுற்றி விசை செல்லும் வழியைக் காட்ட அவர் சொன்ன விசைக்கோடுகளுக்குக் கணித வடிவம் கொடுக்க மாக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் வர வேண்டியிருந்தது. ‘பள்ளிக்கூடம் இல்லாமலே பெரிய ஆள் ஆனார்’ என்று ஏழைப் பிள்ளைகளிடம் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள்.

கட்டுரைப் போட்டிக்குப் பதிலாக இதைச் செய்து பார்க்கலாம். மோட்டார் காயில் கட்டுபவர், கிராமச் சுகாதாரச் செவிலியர், லேத் பட்டறைக்காரர் என்று பக்கத்தில் வேலை தெரிந்த ஒருவரிடம் ஐந்தாறு பேரை ஒரு மணி நேரம் அனுப்புங்கள். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கையில் 40 பக்க நோட்டு, பென்சில். கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டாம்; பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். இரண்டாம் குறிப்பு அன்று இரவே எழுதியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் ‘கடுமையாக உழைக்கிறார்’ என்பது மட்டும்தான் மிஞ்சும். பாராட்டுச் சொற்களுக்குத் தடை போடுங்கள். கை என்ன செய்தது, எந்தக் கருவியை எடுத்தது, எங்கே பிசகியது, அதை எப்படிச் சரிசெய்தார் என்பதுதான் வேண்டும். உறுப்புகளுக்குப் பெயர் எழுதிய ஒரு படம் கட்டாயம். பக்கத்துப் பிள்ளை பிழை திருத்தட்டும். நீங்கள் சிவப்பு மையோடு முதலில் இறங்கினால் அடுத்த படியை எழுதும் ஆசையே போய்விடும். ஒரு வாரத்துக்குள் பார்த்ததில் ஒரு சின்ன வேலையைத் தானே செய்து காட்ட வேண்டும். பேட்டரி, ஆணி, கம்பி வைத்துக் காயில் சுற்றுவது போதும். முதல் முறை பெரும்பாலும் வேலை செய்யாது: எனாமல் கம்பியின் நுனியில் மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சைச் சுரண்டியிருக்க மாட்டார்கள். காரணத்தை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். பேட்டரியோடு நேரடியாக இணைத்த கம்பி சூடாகும் என்பதால் சில நொடிகளுக்கு மேல் இணைத்து வைக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோட்டுக்கும் பேருந்துக்கும் ஆகும் காசைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். கேட்டால், யாருக்கு இது மிகவும் தேவையோ அவர்தான் அன்றைக்கு விடுப்பு எடுப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஓர் ஆண்டுச் செலவாக எழுதிக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை நோட்டு, எத்தனை பயணம் என்ற கணக்கோடு போங்கள்.