அந்தப் பழைய வீட்டை இடிக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஊருக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவில் ஒரு ஏக்கர் நிலத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். சிமெண்ட் இல்லாமல் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது பத்து வருடக் கனவு. என் அம்மா மண்வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் கோடை முழுக்கத் தூக்கமில்லாமல் புரள்கிறார். அவரைக் கடைசிக் காலத்தில் ஒரு மண்சுவருக்குள் தூங்க வைக்க ஆசை.

என் கேள்வி இதுதான். அழுத்திச் செய்யும் மண்கல்லா, பலகை அடைத்து மண்ணைத் திமிசு போட்டு எழுப்பும் சுவரா, எது சுற்றுச்சூழலுக்குக் குறைந்த பாதிப்பு? சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. வேலை நகரத்தில்தான், 30 கிலோமீட்டர், வாரம் மூன்று நாள் காரில் போய்வருவேன். விவசாய நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது என்கிறார்கள். மண்ணில் கட்டும் வீட்டுக்கு எதற்கு இந்த விதியெல்லாம்? பிரிட்டனின் வேல்ஸில் அனுமதி இல்லாமல் கட்டிய வட்ட வீட்டைப் பத்து வருடம் போராடிக் காப்பாற்றினார்களே, அதுபோல நானும் கட்டிவிட்டுப் போராடலாமா?

ஊருக்குள்ளேயே ஒரு பழைய மண்வீடு விலைக்கு வந்தது. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, சுவரில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து தொங்குகிறது. இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை நாலைந்து முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன பத்தி அது. எனக்கு அதைத் தாண்டி வேறெதற்கும் பதில் சொல்ல மனம் வரவில்லை.

சிமெண்ட் பூச்சு பெயர்ந்து தொங்கும் மண்சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு சுவரை நானே உண்டாக்கியிருக்கிறேன். என் பாட்டியின் வீடு மண்வீடு, ஒன்றரை அடி கனமான சுவர். மழைக்காலம் வருவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் களிமண்ணையும் நறுக்கின வைக்கோலையும் காலால் மிதித்துக் குழைத்து, வெடிப்பு விட்ட இடங்களைப் பூசுவார்கள். பாட்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், காலைச் சுற்றிக்கொண்டு நாங்கள். அடுத்த நாள் அவர்கள் வீட்டுச் சுவர். எனக்கு வேலை கிடைத்து, கையில் முதல்முறையாகக் கொஞ்சம் காசு சேர்ந்ததும், பாட்டி இனிமேல் சேற்றை மிதிக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். கொத்தனாரைக் கூப்பிட்டு வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசச் சொன்னேன். வயதான மனிதர் அவர். கரணையைக் கீழே வைத்துவிட்டு, "சுவருக்கு மூச்சு முட்டும் தம்பி" என்றார். நான் கேட்கவில்லை. கூலிக்கு வேலை செய்ய வந்தவர்தானே, சொன்னதைச் செய்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மழைக்காலத்தில் பூச்சு வயிறு தள்ள ஆரம்பித்தது. விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வந்தது. ஒரு நாள் ராத்திரி ஒரு ஆள் உயரத்துக்குப் பூச்சு அப்படியே கழன்று விழுந்தது. விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தால், பின்னால் இருந்த மண் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. பாட்டி கட்டை விரலை வைத்து அழுத்தினார், முதல் கணு வரை உள்ளே போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தக் குழியைத் திரும்பப் பூசி மூடப் பார்த்தார், ஈர மண் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். மண்சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும், அதை வெளிமுகத்தின் வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டும் இருக்கும். மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் அந்த வழியை அடைப்பதில்லை. சிமெண்ட் பூச்சு அடைத்துவிடுகிறது. அதில் ஒரு மயிரிழை வெடிப்பு விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வராது. சுவர் உள்ளுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், வெளியே பார்க்க முகம் மழமழவென்று இருக்கும். நீங்கள் பார்த்த வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும். பூச்சு பெயர்ந்தது கெட்ட சகுனம் என்று எடுத்துக்கொண்டீர்கள். பல வருடமாக அடைபட்டிருந்த சுவர் இப்போதுதான் காயத் தொடங்கியிருக்கிறது.

மண்வீட்டைப் பற்றிப் பேசும் எல்லோரும் மண்ணைப் பற்றியே பேசுகிறோம், கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆப்பிரிக்காவின் மாலியில் ஜென்னே மசூதியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், இப்போது நிற்கும் கட்டடம் 1907-ல் முடிந்தது. அத்தனை பெரிய மண் கட்டடம் நிற்பதற்குக் காரணம் மண்ணின் தரம் மட்டுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி அதற்குப் பூச்சு பூசுகிறது. சுவரிலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், பூசுகிறவர்கள் ஏறி நிற்பதும் அவற்றின் மேல்தான். பின்னால் வந்து பூசப்போகிற கைகளை நினைத்தே சாரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஒரு ஏக்கர் நிலத்தில், வயலுக்கு நடுவில், ஆறாவது வருடம் மழைக்கு முன்னால் யார் வந்து பூசுவார்கள்? நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். அம்மாவுக்கு அப்போது ஏணி ஏறும் வயதில்லை. ஆளைக் கூப்பிட்டால் அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள், கடைசியில் ஒருவர் சிமெண்ட் மூட்டையோடு வருவார். நான் செய்ததையே நீங்களும் செய்வீர்கள்.

சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி, நல்லது, வையுங்கள். ஊருக்குள் இருக்கும் கூரையிலும் வெயில் அடிக்கும், மழை பெய்யும். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அந்த 30 கிலோமீட்டரைப் பற்றித்தான் பேச வேண்டும். சிமெண்டை நீங்கள் வெறுப்பதற்கு நியாயம் இருக்கிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சூளையில் எதை எரித்தாலும் இது தீராது, ஏனென்றால் பாதிக்கு மேல் சிமெண்டுக்காகச் சுடும் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வெளியேறுகிறது. 100 கிலோ கல்லைச் சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சரி, கணக்குப் போடுவோம். நீங்கள் சாதாரணமாக வீடு கட்டியிருந்தால் 200 மூட்டை சிமெண்ட் ஆகியிருக்கும் என்று வையுங்கள், 10 டன். அதற்கு ஆறிலிருந்து ஒன்பது டன் கரியமில வாயு. மண்ணில் கட்டுவதால் அத்தனையையும் மிச்சம் பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது காரை எடுங்கள். போக 30, வர 30. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு, அப்படியானால் நாளைக்கு 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வாரம் மூன்று நாள், வருடம் 52 வாரம், கிட்டத்தட்ட 1,400 கிலோ. ஆறேழு வருடத்துக்குள் உங்கள் மண்சுவர் மிச்சம் பிடித்த எல்லாவற்றையும் புகைக்குழாய் வழியாக வெளியே விட்டிருப்பீர்கள். அம்மாவுக்கு மருந்து வாங்க, மளிகை வாங்க, விருந்தாளியைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட என்று போகும் தூரத்தை நான் சேர்க்கவே இல்லை. உங்கள் ஒரு வீட்டுக்காக வயலுக்கு நடுவில் மண் கொட்டிப் போடப்போகும் பாதையையும், நடப்போகும் மின்கம்பங்களையும், அந்தப் பாதை வந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நிலத்தைக் கூறுபோட்டு விற்கப்போகிறவரையும் சேர்க்கவில்லை.

ஊருக்குள் இருக்கும் வீட்டிலிருந்தும் அதே 30 கிலோமீட்டர்தானே என்று கேட்பீர்கள். இல்லை. ஊரிலிருந்து பேருந்து இருக்கும், அதே திசையில் வேலைக்குப் போகும் இன்னொருவர் இருப்பார், மருந்துக்கு அம்மா நடந்தே போய்விடுவார். வயலுக்கு நடுவில் காரைத் தவிர வேறு வழியே கிடையாது. வீட்டின் பாதிப்பு சுவரோடு நிற்பதில்லை கே., வாசலிலிருந்து கிளம்பிப் போகிற பாதை முழுக்க அது நீள்கிறது. எந்த மண்கல் என்று இத்தனை நாள் யோசித்த நீங்கள் எந்த இடம் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "மண்ணில் கட்டும் வீட்டுக்கு எதற்கு விதி" என்ற கேள்வியை நல்ல மனம் படைத்த பலரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். விதி உங்கள் சுவரைப் பார்த்து எழுதப்பட்டதில்லை, நிலத்தைப் பார்த்து எழுதப்பட்டது. பிரிட்டனில் 1920-களிலும் 30-களிலும் ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலையோரமாக வீடுகள் ரிப்பன் மாதிரி நீண்டுகொண்டே போயின. அதைத் தடுக்கவே 1935-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 1947-ல் நிலத்தில் எதைக் கட்டவும் அனுமதி வேண்டும் என்ற பெரிய சட்டம் வந்தது. அந்த வீடுகளில் குடியேறியவர்கள் ஒவ்வொருவரும் உங்களைப் போலவே ஒரே ஒரு வீடுதான் கேட்டார்கள்.

நீங்கள் சொல்லும் வட்ட வீடு பிரித்திர் மாவர் என்ற இடத்தில் இருக்கிறது. புல் முளைத்த கூரை, 1998-ல் ஆகாயத்திலிருந்து பார்த்தபோதுதான் அதிகாரிகளுக்கே தெரிந்தது. இடிக்கச் சொன்னார்கள், இழுபறிக்குப் பின் 2008-ல் அனுமதி கிடைத்தது. உண்மைதான். ஆனால் அவர்கள் அந்த நிலத்திலேயே பயிர்வைத்து, அந்த நிலத்திலேயே வாழ்ந்தவர்கள். அந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் வேல்ஸ் அரசு 2010-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது, ஒற்றைப் பூமி வளர்ச்சி (One Planet Development) என்று பெயர். திறந்த வெளியில் வீடு கட்டிக்கொள், ஆனால் ஐந்து வருடத்துக்குள் உன் அடிப்படைத் தேவைகளில் பெரும்பகுதியை அந்த நிலத்திலிருந்தே எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும், எத்தனை முறை வண்டி ஓட்டுகிறாய் என்பதற்கும் கணக்குக் காட்ட வேண்டும், முடியவில்லை என்றால் வீட்டைப் பிரித்து நிலத்தைப் பழையபடி விட்டுவிட்டுப் போக வேண்டும். நான் பார்த்த கிராமத் திட்ட விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சுவர் எதனால் ஆனது என்பதோடு விடாமல், இங்கே என்ன செய்து பிழைக்கப்போகிறாய் என்றும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? உங்கள் பிழைப்பு நகரத்தில் இருக்கிறது. அதில் தப்பில்லை, எல்லோரும் விவசாயம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டிவிட்டுப் போராடுவேன் என்று சொல்வதற்கு அவர்களுக்கு இருந்த உரிமை உங்களுக்கு இல்லை.

அந்தப் பழைய வீட்டுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சில நூறு வருடம் பழைய மண்வீடுகளில் இன்றும் குடியிருக்கிறார்கள். நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் மண்சுவருக்குச் சாவில்லை என்பது அவர்கள் சொல். முதலில் கூரையைப் பாருங்கள். இறவாணம், அதாவது கூரையின் வெளிவிளிம்பு, சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீண்டிருக்க வேண்டும். அப்புறம் சுவரின் அடி. தரை மட்டத்திலிருந்து ஒன்றரை அடி வரை ஒரு திருப்புளியை வைத்துக் குத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். எங்கே வெண்ணெயில் போவது மாதிரி இறங்குகிறதோ அந்த இடம் மட்டும்தான் கெட்டிருக்கிறது. அதை மொத்தமாகத் தோண்டிவிடாமல், மேலே முட்டுக் கொடுத்துக்கொண்டு, இரண்டடி இரண்டடியாக எடுத்து, அதே மண்ணில் வார்த்துக் காயவைத்த பச்சைக் கல்லால் அடைக்கலாம். மிச்சமிருக்கும் சிமெண்ட் பூச்சை வெயில் காலத்தில் உரித்துவிட்டுச் சுவரைச் சும்மா விடுங்கள். கனமான சுவர் காய மாதக் கணக்காகும், அவசரப்படாதீர்கள். என் பாட்டி வீட்டில் எனக்கு அந்தப் பொறுமை இல்லை, ஒரு பக்கச் சுவர் போய்விட்டது. சுற்றிலும் தண்ணீர் ஓட வாட்டம் பார்த்துத் தரையைச் சரித்துவிட்டு, கடைசியில் மண்ணோ சுண்ணாம்போ பூசுங்கள்.

பூச்சுக்கு மண் சரியா என்று தெரிய ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால் அடியில் மணல், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி என்று தனித்தனியாகப் படியும். களி ரொம்பவும் கூடுதலாக இருந்தால் மணல் சேருங்கள், இல்லையென்றால் காயும்போது வெடித்துவிடும். மண்கல்லா திமிசுச் சுவரா என்ற உங்கள் கேள்விக்கும் இந்தப் பாட்டில்தான் பதில் சொல்லும், ஆனால் உங்களுக்கு அந்தக் கேள்வியே இனித் தேவைப்படாது என்று நம்புகிறேன். சுவர் ஏற்கெனவே நிற்கிறது.

முன்பணத்தைத் திரும்பத் தருவார்களா என்று நாளைக்கே கேளுங்கள், முழுசாக வராவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் அம்மாவை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில் அவரே கைவைத்துப் பார்க்கட்டும். மண்வீட்டில் வளர்ந்தவர், ஈரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.