புதுக் குதிரையை எத்தனை நாள் தனியே கட்டுவது?

கேள்வி: எங்கள் லாயத்தில் ஆறு குதிரைகள் நிற்கின்றன. அடுத்த வாரம் ஒரு பெட்டைக் குதிரை வருகிறது. தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறார்கள், பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. லாயத்தின் கடைசி அறையில் ஒரு வாரம் கட்டினால் போதாதா?

பதில்: போதாது. நாளும் போதாது, இடமும் போதாது.

குதிரைகளுக்கு வரும் இன்ஃபுளுயன்சா இரண்டு மூன்று நாளில் வெளியே தெரிந்துவிடும். ஹெர்பிஸ் வைரஸுக்குப் பத்து நாளும் ஆகலாம். தாடைக்கு அடியில் நெறி கட்டிச் சீழ் பிடிக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் இரண்டு வாரம் வரை காட்டிக்கொள்ளாமல் இருக்கும். அதனால் 21 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இன்னொரு புதுக் குதிரையை அங்கே சேர்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான்.

ஒரே கூரை, ஒரே காற்று என்றால் கடைசி அறையும் முதல் அறையும் ஒன்றுதான். தனிக் கொட்டகை நல்லது. இல்லையா, இரட்டை வேலி போட்டுக் குறைந்தது பத்து மீட்டராவது தள்ளிக் கட்டுங்கள். மூக்கோடு மூக்கு உரசக் கூடாது. ஆனால் மற்ற குதிரைகள் கண்ணில் படட்டும். அடியோடு தனிமைப்பட்ட குதிரை தீனியைக்கூட மறந்துவிடும்.

இதையெல்லாம் விட நான் நம்புவது தெர்மாமீட்டரைத்தான். காலையும் மாலையும் ஆசனவாயில் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஸ்ட்ராங்கிள்ஸில் முதலில் காய்ச்சல் வரும். மூக்கு வழியாகக் கிருமி வெளியேறத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கு ஓரிரு நாள் கழித்து. அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் ஆறு குதிரைகளும் தப்பலாம். ‘பார்க்க நன்றாக இருக்கிறது’ என்பதை நம்பிக் காய்ச்சல் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். தடுப்பூசியும் முழுக் கவசம் அல்ல. ஊசி போட்ட குதிரை லேசாகத் தும்மிக்கொண்டே பரப்பவும் செய்யும்.

அப்புறம், நோயைச் சுமந்து போவது பல நேரம் நாம்தான். வாளி, பிரஷ், மண்வாரி, தலைக்கயிறு எல்லாம் புதுக் குதிரைக்கென்று தனியாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாயின் முனையை வாளிக்குள் முக்காதீர்கள். பலரும் கவனிக்காத வழி இது. ஒரே ஆள்தான் என்றால் பழைய குதிரைகளை முடித்துவிட்டுக் கடைசியில் புதியதிடம் போக வேண்டும். திரும்பியதும் கை கழுவி, உடையும் பூட்ஸும் மாற்ற வேண்டும்.

21 நாளிலும் பிடிபடாத ஒன்று உண்டு. ஸ்ட்ராங்கிள்ஸ் வந்து தேறிய சில குதிரைகளின் தொண்டையை ஒட்டிய காற்றுப் பைகளில் கிருமி மாதக்கணக்கில் தங்கிவிடும். காய்ச்சலும் இராது, இருமலும் இராது. கால்நடை மருத்துவர் எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) விட்டு அந்தப் பையைக் கழுவி எடுத்த நீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்தால்தான் தெரியும். செலவுதான், ஆனால் குதிரையின் பழைய கதை தெரியாதபோது நான் இதைத் தவிர்க்க மாட்டேன். கூடவே சாணத்தில் புழு முட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடையில் காய்ச்சல் கண்டால் மருத்துவர் வந்து பார்க்கும் வரை எந்தக் குதிரையும் உங்கள் இடத்துக்குள் வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம்.