முன்பணம் கொடுத்துப் புதுப்பித்த வீடு: அவசரப்பட்டுத் தடையுத்தரவு கேட்காதீர்கள்

கேள்வி: கோடம்பாக்கத்தில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், ஒரு படுக்கையறை கொண்ட வீட்டை 46 லட்சம் ரூபாய்க்கு வாங்க 2024 மார்ச் 15 அன்று ஒப்பந்தம் எழுதி, வங்கி மூலம் 10 லட்சம் முன்பணம் கொடுத்தேன். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை. கெடு ஆறு மாதம். சாவியைக் கொடுத்துவிட்டார் என்ற நம்பிக்கையில் சமையலறை, குளியலறை, தரை, மின்கம்பி அனைத்தையும் மாற்றி 7 லட்சம் செலவழித்துக் குடிவந்தோம். என் வங்கிக் கடன் தாமதமாகி 2025 ஜனவரியில்தான் அனுமதியானது. மெட்ரோ வருவதால் ஏரியாவின் மதிப்பே மாறிவிட்டது என்று கூறி, உரிமையாளர் இப்போது மேலும் 6 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார். நான் வாடகைக்கு இருப்பதாகக் குடியிருப்பில் சொல்லி வருகிறார். அவர் மனைவி மாடிப்படியில் நின்று ஏசுகிறார். சங்கச் செயலாளர் வண்டி நிறுத்த இடம் தர மறுக்கிறார். பூட்டை மாற்றிவிடுவதாக மிரட்டல் வேறு. உடனே தடையுத்தரவு வாங்கலாம் என்கிறார் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி ஏச்சுப்பேச்சு, வண்டி நிறுத்துமிடம், வாக்குத் தவறிய மனிதர் என்பதாகவே இருக்கிறது. இவற்றில் எதுவும் உங்களுக்குக் கிரயப் பத்திரத்தைப் பெற்றுத் தராது. பனகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கம், வடபழனி வழியாகப் பூந்தமல்லிக்குச் செல்லும் மெட்ரோ தடத்தால் விலை ஏறியிருக்கலாம். அந்த ஏற்றம் மட்டுமே ஒப்பந்தத்தை மீற அவருக்கு உரிமை தராது. நீதிமன்றம் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: மீதி 36 லட்சத்தைச் செலுத்த, ஒப்பந்த நாளிலிருந்து இன்றுவரை நீங்கள் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்தீர்களா, அதை ஆவணத்தால் மெய்ப்பிக்க முடியுமா?

ஒப்பந்தம் பதிவாகவில்லை என்பதற்காக அஞ்ச வேண்டாம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தங்களுக்குப் பதிவு கட்டாயம் என்றாலும், பதிவாகாத ஒப்பந்தத்தை ஏற்றதை ஆற்றக் கோரும், அதாவது ஒப்பந்தப்படி கிரயம் செய்துதரக் கோரும், வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே கூறிவிட்டது. ஆனால் சாவி கையில் இருப்பதைப் பெரும் பலமாக நீங்கள் கருதுவது தவறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு, ஒப்பந்தத்தின்பேரில் உடைமை பெற்றவருக்குத் தந்த பாதுகாப்பு, 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பதிவான ஒப்பந்தத்துக்கு மட்டுமே உண்டு. ஏழு லட்சத்தின் நிலை இன்னும் மோசம். தன்னையே முழு உரிமையாளர் என்று நல்லெண்ணத்துடன் நம்பி மேம்பாடு செய்தவருக்குத்தான் அச்சட்டத்தின் 51ஆம் பிரிவு ஈடு தருகிறது. கிரயம் ஆகவில்லை என்று தெரிந்தே கிரானைட் மேடை போட்டவருக்கு அது பொருந்தாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், பேச்சுவார்த்தை மேசையில் அவற்றுக்கு மதிப்புண்டு.

இனி அந்தத் தடையுத்தரவு. இதில்தான் கட்சிக்காரர்கள் தொடர்ந்து விழுவதைப் பார்க்கிறேன். பூட்டை மாற்றுவேன் என்ற மிரட்டல் வந்ததும், உடைமையில் தலையிடக் கூடாது, வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று வெறும் நிரந்தர உறுத்துக் கட்டளை (தடையுத்தரவு) மட்டும் கேட்டு ஒரு வழக்கைப் போட்டுவிடுகிறார்கள். காரணம் எளிது: அதற்கு நீதிமன்றக் கட்டணம் சொற்பம். ஏற்றதை ஆற்றக் கோரினாலோ கிரயத் தொகையில் மூன்று சதவீதம், அதாவது உங்கள் கணக்கில் 1,38,000 ரூபாய் கட்ட வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். ஓரிரு ஆண்டு கழித்து, கிரயம் செய்துதரக் கோரி இரண்டாவது வழக்குடன் வரும்போது, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 2ஆம் கட்டளை 2ஆம் விதி குறுக்கே நிற்கிறது. ஒரே வழக்கு மூலத்திலிருந்து (வழக்குக்குக் காரணமான நிகழ்விலிருந்து) எழும் பரிகாரங்களில் ஒன்றை, நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் முதல் வழக்கில் விட்டுவிட்டவர், அதைப் பின்னொரு வழக்கில் கேட்க முடியாது.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. சென்னையிலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில், முதலில் தடை மட்டும் கோரிவிட்டுப் பின்னர் கிரயம் கோரியவர்களின் வழக்கை இந்த விதியின் கீழ் செல்லாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. உடைமையைக் காக்க மட்டும் போட்ட தடை வழக்கு வேறு, கிரய வழக்கு வேறு என்று பின்னாளில் வாதிக்கு ஆதரவாக வந்த தீர்ப்பும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் அதைக் காட்டுவார். இரண்டு பக்கமும் தீர்ப்புகள் இருக்கும் ஓர் இடத்தில், எது பொருந்தும் என்று உங்கள் வீட்டை வைத்துச் சோதிக்க வேண்டிய தேவை என்ன? கிரயம் கோரும் வழக்கைப் போட்டு, அதே வழக்கில் இடைமனுவாகத் தடை கேளுங்கள். மிச்சப்படுத்த நினைக்கும் கட்டணத்துக்காக முழுச் சொத்தையும் பணயம் வைக்காதீர்கள். கிரயம் மறுக்கப்பட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தருமாறும் அதே பிராதில் மாற்றுப் பரிகாரமாகக் கேட்டுவிடுங்கள். கேட்காததை நீதிமன்றம் தராது.

வழக்கு சரியாகப் போடப்பட்டாலும், உங்கள் பலவீனம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தேன். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு, ‘லோன் இன்னும் வரல சார், டிசம்பர் வரைக்கும் டைம் குடுங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கீழே அவர் கட்டைவிரலை உயர்த்திய சின்னம் ஒன்றைப் போட்டிருக்கிறார். அது கெடு நீட்டிப்புக்குச் சம்மதம் என்று நான் வாதிடுவேன். செய்தியைப் பார்த்ததற்கான அடையாளம் மட்டுமே என்று எதிர்த்தரப்பு வாதிடும். கூடவே, கெடு நாளில் பணமில்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்த சான்றாவணமாகவும் அதைக் குறியிடும். ஜனவரியில் வந்த கடன் அனுமதிக் கடிதம் காலாவதியாகியிருந்தால் இந்த வாரமே புதுப்பியுங்கள். பணத்தைக் கொண்டுபோய் அவர் முன் வைக்க வேண்டியதில்லை, ஆனால் வைக்கும் சக்தி இருந்தது என்பதை வங்கித் தாள்கள் பேச வேண்டும். அதன் பிறகே வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள்.

வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து வழக்குப் போட மூன்று ஆண்டு உண்டு என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்தே காலவரையறை ஓடுகிறது. அந்தக் கட்டைவிரலை நம்பி டிசம்பரிலிருந்து எண்ணாதீர்கள். உங்கள் கடைசி நாள் 2027 செப்டம்பர் 15 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சும்மா இருக்கலாம் என்றும் பொருளல்ல. மதுரையில் ஒரு வீட்டுக்கு ஆறு மாதக் கெடுவுடன் ஒப்பந்தம் போட்டு, சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு இரண்டரை ஆண்டு அமைதியாக இருந்தவருக்கு, மூன்றாண்டுக்குள்தான் வந்தார் என்றாலும், விலை பலமடங்கு ஏறிய நிலையில் 1997இல் உச்ச நீதிமன்றம் கிரயத்தை மறுத்தது. ஏற்றதை ஆற்றுவது பற்றிய சட்டத்துக்கு 2018இல் வந்த திருத்தம், கிரயத்தை மறுக்கும் நீதிமன்றத்தின் விருப்புரிமையைக் குறைத்திருக்கிறது. தயார்நிலையை மெய்ப்பிக்கும் சுமையை அது உங்கள் தோளிலிருந்து இறக்கவில்லை.

நீங்கள் வெறும் மனவருத்தமாக எழுதிய ஒன்று மட்டும் சட்டத்துக்கு முக்கியம். வாடகைதாரர் என்று அவர் பரப்புவது நாளை வேறொருவருக்கு விற்பதற்கான முன்னேற்பாடாக இருக்கலாம். வீட்டில் குடியிருப்பவரின் உரிமை என்ன என்று விசாரிக்காமல் வாங்குபவர், தனக்குத் தெரியாது என்று பின்னர் சொல்ல முடியாது. ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். பராமரிப்புத் தொகை 2,500 ரூபாயை மாதந்தோறும் உரிமையாளர் கணக்குக்கு ஜிபே செய்வதையும் உடனே நிறுத்திச் சங்கத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். அந்த வரிசையை வாடகை என்று காட்ட அவருக்கு ஒரு மணி நேரம் போதும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்யுங்கள். வலுவில்லாத வழக்கு என்பதற்காக அன்று; அந்த ஒரு செய்தி இருக்கும்வரை முடிவு நிச்சயமில்லை என்பதற்காகவும், மேல்முறையீடுகள் முடியும்வரை உங்கள் 17 லட்சம் அங்கேயே கிடக்கும் என்பதற்காகவும் சொல்கிறேன். ஆறு லட்சம் தர வேண்டாம். மூன்றரை லட்சம்வரை போகலாம். மொத்தக் கிரயம் ஐம்பது லட்சத்துக்குள் நின்றால், வழிகாட்டி மதிப்பும் அதற்குக் கீழே இருக்கும்பட்சத்தில், வாங்குபவர் விலையிலிருந்து பிடித்துக் கட்ட வேண்டிய ஒரு சதவீத வருமான வரியும் வராது. ரொக்கமாக ஒரு ரூபாயும் கூடாது. பத்திரத்தில் ஏறாத தொகையைக் கொடுத்ததாக எந்த நீதிமன்றத்திலும் உங்களால் நிறுவ முடியாது. நிறுவினாலும் அடுத்து வருமான வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கூடுதல் விலைக்குப் புதிய ஒப்பந்தம் எழுதலாம் என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதில் கையெழுத்திட்ட கணமே பழைய விலை போய்விடும், புதிய விலைக்கும் பத்திரம் வராமல் போகலாம். நேரே கிரயப் பத்திரம், முந்தைய நாள் வரையிலான வில்லங்கச் சான்று, அசல் தாய்ப்பத்திரம், பிரிக்கப்படாத மனைப் பாகத்தின் (கட்டட நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கின்) அளவு சரிபார்ப்பு, சார்பதிவாளர் முன்னிலையில் வரைவோலை. இதற்கு அறிவிப்பிலேயே முப்பது நாள் கொடுங்கள். அவர் மறுத்தால், முப்பத்தோராம் நாள் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் அந்த ஒரே வழக்கைத் தாக்கல் செய்யுங்கள்.