நகையை அடகு வைக்கும் முன் ஒரு பேச்சு

பாலக்கோட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் தருமபுரியில் பி.எஸ்சி. கணிதம் கடைசி ஆண்டு. தரவுகளில் பிழையும் மோசடியும் கண்டுபிடிக்கிற வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையம் ஒன்றேகால் லட்சம் கேட்கிறது, நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா.

ஆசை நல்ல ஆசைதான். வங்கிகளில் கார்டு மோசடியைப் பிடிக்க, ஆலைகளில் பழுதாகப்போகும் இயந்திரத்தை முன்கூட்டியே அறிய, இந்த வேலை தெரிந்தவர்கள் தேவை. ஆனால் அதற்கான மென்பொருள் இலவசம். பைத்தான் என்ற நிரல்மொழியும், அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் சைகிட்-லேர்ன் என்ற நிரல் தொகுப்பும் போதும். 2008-ல் வெளியான ஐசொலேஷன் ஃபாரஸ்ட் என்ற முறை அதிலேயே இருக்கிறது. தரவை ஏதோ ஓர் இடத்தில் வெட்டி, மறுபடி வெட்டி, சீக்கிரமே தனியாகப் பிரிந்துவிடும் எண்ணைச் சந்தேகப்படும். எழுத வேண்டியது சில வரி நிரல்தான்.

கஷ்டம் அதற்குப் பிறகு. ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்தை அளக்கிறார்கள். ஒரே நாளில் அது பத்து மடங்கு ஏறினால் மென்பொருள் சந்தேகப்படும். பதிவு செய்தவர் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டிருந்தாலும் அதே மாதிரிதான் சந்தேகப்படும். கபினியில் தண்ணீர் திறந்ததா என்று விசாரிக்கத் தெரிந்தவள்தான் எது வெள்ளம், எது பிழை என்று சொல்வாள். கம்பெனிகள் தேடுவது இந்த ஆளைத்தான்.

அதனால் முதலில் எக்செல்லில் கால்மானங்களை, அதாவது வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பாகமாகப் பிரிக்கும் எல்லைகளை, கணக்கிட்டு விலகிய எண்களைப் பிடித்துப் பழகட்டும். அப்புறம் பயிற்சிக்கான தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் காகிள் இணையதளத்தில் ஐரோப்பிய கார்டு பரிவர்த்தனைத் தரவு ஒன்று இருக்கிறது. 2,84,807 பரிவர்த்தனைகளில் மோசடி 492 மட்டுமே. எல்லாமே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 99.8 சதவீதம் சரியாக வந்துவிடும், ஒரு மோசடிகூடப் பிடிபடாது! துல்லியச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏன் ஏமாந்துபோவோம் என்பதை அவள் தானாகவே செய்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நேர்காணலில் இதை விளக்கத் தெரிந்தால் பெரிய பலம்.

புள்ளியியல் அடிப்படைக்கு ஐ.ஐ.டி. முதலியவை இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் உண்டு. படிக்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இவற்றை முடித்துவிட்டு ஓசூர் ஆலைகளில் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அதன் பிறகும் வகுப்பு தேவை என்று தோன்றினால், பணம் கட்டும் முன் அங்கே படித்து வேலையில் இருக்கும் இரண்டு பேரிடமாவது மகளே நேரில் பேசிப் பார்க்கட்டும்.