ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள் ஏறுதா? மீட்டரை மாத்திடாதீங்க

கேள்வி: மாருதி 800 இன்ஜினை வெச்சு வீட்டுப் பட்டறையிலயே ஒரு டிராக் கார் கட்டியிருக்கேன். டெம்பரேச்சர் முள் பாதியில நிக்குது. ஹெட்லைட் போட்டதும் சிவப்புக்குப் போயிருது. மீட்டர் போச்சா?

பதில்: இல்லீங்க, மீட்டர் மேல எனக்குச் சந்தேகமே இல்ல. சுவிட்சைத் தட்டின அடுத்த நொடியில ரேடியேட்டர் தண்ணி சூடாகாது. முள்ளைத் தூக்கறது கரண்ட்டு. உங்க டேஷ்போர்டுக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பற வழி, சரியா கிடைக்கலை.

கம்பெனி கார்ல பாடி முழுக்க எர்த். நாம கட்டற வண்டியில சேஸுக்குப் பவுடர் கோட்டிங், டேஷ்போர்டு ஃபைபர், இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல. எர்த்தை நாமதான் ஒயர் போட்டுக் கொண்டு வரணும். லைட்டும் மீட்டரும் ஒரே மெல்லிசான எர்த் ஒயர்ல இருந்தா, லைட்டோட கரண்ட் அதுல போகும்போது மீட்டரோட எர்த் முனையில வோல்ட் ஏறிரும். இன்ஜின்ல சூட்டை அளக்கற சென்சார் பக்கம் கரண்ட் கூடுதலாப் போகும். மீட்டருக்கு அது சூடு மாதிரியே தெரியும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வெச்சு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் சிவப்பு முனையை மீட்டரோட எர்த் முனையிலயும் வையுங்க. லைட், ஃபேன் ரெண்டையும் போடுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா கோளாறு அங்கதான். மீட்டருக்குத் தனி எர்த் ஒயர் இழுங்க. சேஸ்ல போல்ட் உக்கார்ற இடத்துல பெயிண்ட்டை இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் சுரண்டி முடுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவுல தடிமனான எர்த் கேபிள் கட்டாயம் வேணும். அது இல்லாட்டி ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாத் திரும்பும், கேபிள் வெந்துரும்.

ஒத்தை ஒயர் சென்சாருக்கு எர்த்தே அதோட மரை வழியாத்தான். அங்க டெஃப்லான் டேப்பைக் கனமாச் சுத்தியிருந்தா பிரிச்சிருங்க.

எர்த் சரியான பிறகும் அளவு நம்பற மாதிரி இல்லைன்னா, மீட்டரும் சென்சாரும் ஜோடிதானான்னு பாருங்க. உக்கடம் பழைய சாமான் கடையில மீட்டர் வாங்கி, இன்ஜினோட வந்த சென்சாரையே விட்டிருந்தா ரெண்டும் ஒத்துப்போகணும்னு இல்ல. சென்சாரைக் கழட்டி, ஒயரோட கொதிக்கிற தண்ணியில முனையை மட்டும் முக்குங்க, அதோட உடம்புக்கு எர்த் குடுத்துட்டு. கோயமுத்தூர் உயரத்துல தண்ணி 100க்கு ஒண்ணரை டிகிரி கம்மியிலயே கொதிக்கும். முள் அங்க நிக்கணும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் ஏர்லாக், அதாவது கூலண்ட் போற வழியில காத்து மாட்டிக்கிறது. சென்சார் தண்ணியில முழுகாம காத்துல நின்னா, இன்ஜின் வேகும்போதும் முள் கீழயே கிடக்கும். அலுமினியம் ஹெட் வளைஞ்சுரும். ரேடியேட்டரை இன்ஜினை விடத் தாழ்வா வெச்சிருக்கிற வண்டியில இது சகஜம். இதே 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதி கார் கட்டின கரிவரதன் நம்ம கோயமுத்தூர்க்காரர். அவர் பேர்ல இருக்கிற செட்டிபாளையம் டிராக்குக்கு வண்டியைக் கொண்டு போறதுக்கு முன்னாடி இதை முடிச்சிருங்க. வண்டி ஆறியிருக்கும்போது முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஊத்தற வாய் எல்லாத்துக்கும் மேல வர்ற மாதிரி வெச்சு, மூடி திறந்தபடியே கூலண்ட் ஊத்தி ஐடிலிங்ல விடுங்க. தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடாகி, குமிழ் வர்றது நின்ன பிறகு நிரப்பி மூடுங்க.