டேண்டி கணினிக்கு பிரின்டர் கேபிள்: 8,500 ரூபாய் கொடுக்காதீர்கள்

கேள்வி: அப்பச்சி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேண்டி மாடல் 100 கணினி, இரண்டாங்கட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடைத்தது. நான்கு பேட்டரி போட்டதும் திரை வந்துவிட்டது. ஆனால் பிரின்டர் கேபிள் விறைத்துப்போய், தொட்ட இடமெல்லாம் உடைகிறது. 'ஒரிஜினல்' கேபிள் 8,500 ரூபாய் என்கிறார் பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர். எங்கள் வட்டிக்கடையில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இருக்கிறது. கேபிளை நானே செய்யலாமா? மெஷினுக்கு ஏதும் ஆகிவிடுமா?
வாசகர், தேவகோட்டை

பதில்: தாராளமாகச் செய்யலாம். சாலிடரிங் அயர்ன்கூட வேண்டாம். அந்தக் கேபிளுக்குள் சிப் எதுவும் கிடையாது. 26 கம்பி, இரு முனையிலும் ஒவ்வொரு கனெக்டர், அவ்வளவுதான். அவரிடம் இருக்கும் 'ஒரிஜினல்' உங்களுடையதைப் போலவே வயதானது. வாங்கிவந்து நாலு தடவை மடக்கினால் அதுவும் உடையும்.

கடையில் எஃப்ஆர்சி கேபிள் என்று கேளுங்கள், கம்பிகள் பக்கம் பக்கமாக ஒட்டிய பட்டைக் கேபிள் அது. 26 கம்பி, ஒன்றரை மீட்டர் போதும். கணினி முனைக்கு 26 பின் எஃப்ஆர்சி கனெக்டர். பிரின்டர் முனைக்கு 36 பின் சென்ட்ரானிக்ஸ் ஆண் கனெக்டர், அதுவும் கேபிளை வைத்து அழுத்தும் வகை. மூன்றும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். முதல் இரண்டும் எளிதாகக் கிடைக்கும். மூன்றாவதுக்குச் சென்னை ரிச்சி தெருவில் தேட வேண்டியிருக்கும். ஒன்றே ஒன்று கேட்டால் மொத்த வியாபாரி முகம் கொடுப்பதில்லை, ஐம்பது எடு என்கிறார். வெளிநாட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தால் அடையாளச் சான்று, வரி, கூரியர் கட்டணம் என்று பொருளின் விலையைப் போல் பல மடங்கு போகிறது. பழையதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ள நினைப்பவனுக்கு இந்த நாட்டில் ஒரு திருகாணி வாங்குவதும் போராட்டம்தான்.

பழைய கம்ப்யூட்டர் உடைக்கும் கடையில் ஹார்ட் டிஸ்க் கேபிள் வாங்கியும் கிழித்துக்கொள்ளலாம். 40 கம்பி என்றால் சரி. சிவப்புக் கோடு உள்ள ஓரத்திலிருந்து 26 எண்ணி, மீதியை உரித்துவிடுங்கள். ஆனால் அங்கே அதிகம் கிடப்பது 80 கம்பி வகை. அகலம் அதே, கம்பி மட்டும் இரு மடங்கு நெருக்கம். நமக்கு வேண்டிய இடைவெளி 1.27 மில்லிமீட்டர், 80 கம்பியை இந்தக் கனெக்டரில் அழுத்தினால் பக்கத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். வரிகள் மிக மெல்லியதாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

அழுத்துவது சுலபம். கேபிள் முனையை நேராக வெட்டி, சிவப்புக் கோட்டைக் கனெக்டரின் முக்கோணக் குறிப் பக்கம் வைத்து, கம்பிகள் பள்ளங்களில் உட்கார்ந்தனவா என்று பாருங்கள். இரண்டு தட்டையான மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து, தச்சரிடம் இருக்கும் வைஸில் மெதுவாக இறுக்குங்கள். சுத்தியல் வேண்டாம், கட்டிங் பிளேயரும் வேண்டாம். ஒரு பக்கம் முதலில் இறங்கி மறுபக்கம் தொடாமல் போகும். தவறிவிட்டால் புதுக் கனெக்டர் போடுங்கள். பிரின்டர் முனையிலும் 1-ஆம் பின் பக்கம் சிவப்புக் கோடு. 26 கம்பி போக, மறு ஓரத்தில் பத்து பின்கள் காலியாக நிற்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அழுத்தும் கனெக்டர் இல்லை என்று சாலிடர் வகையைக் கையில் கொடுத்து, 'நானே பற்றவைத்துத் தருகிறேன்' என்பார் கடைக்காரர். 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 என்று வரிசையாகப் பற்றவைத்துக் கூலியும் வாங்கிவிடுவார். அது தப்பு. 1-ஆம் கம்பி 1-ஆம் பின்னுக்கு, 2-ஆம் கம்பி 19-ஆம் பின்னுக்கு, 3-ஆம் கம்பி 2-ஆம் பின்னுக்கு, 4-ஆம் கம்பி 20-ஆம் பின்னுக்கு என்று மாறிமாறிப் போக வேண்டும். மல்டிமீட்டரைப் பீப் நிலையில் (இரு முனைக்கும் இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்து இதைச் சரிபாருங்கள். 21-ஆம் கம்பி 11-ஆம் பின்னில் பீப் அடித்தால் ஏறக்குறைய எல்லாம் சரி. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டும் சேர்ந்து பீப் அடிக்கக் கூடாது.

யுஎஸ்பி-பேரலல் கேபிளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது யுஎஸ்பி உள்ள கணினிக்கு. உங்கள் மெஷின் 1983-இல் வெளிவந்த ரகம். அதில் அதைச் செருக இடமே இல்லை. அதைவிட மோசமான யோசனை: 'முதுகில் 25 பின் வாய் இருக்கிறதே, சாதாரண பிரின்டர் கேபிளைச் செருகுங்கள்.' அந்த வாய் சீரியல், தகவலை ஒரே கம்பியில் ஒவ்வொரு துணுக்காக அனுப்புவது. அதன் மின்னழுத்தமே வேறு. பிரின்டர் அதில் அடிக்காது, கெடவும் கூடும்.

36 பின் கனெக்டர் கடைசிவரை கிடைக்கவில்லை என்றால் ஒரு வழி உண்டு. பிரின்டர் முனையில் அழுத்தும் வகை 25 பின் பெண் கனெக்டர் போட்டு, கடையில் இருக்கும் சாதாரண பிரின்டர் கேபிளை அதில் செருகலாம். 26-ஆம் கம்பியை வெட்டிவிடுங்கள். ஆனால் அப்படியே செருகினால் பிரின்டர் செத்ததுபோல் கிடக்கும். உடனே ஒருவர் 'போர்டு போய்விட்டது' என்பார். போர்டு போகவில்லை. டேண்டியில் இரட்டைப்படைக் கம்பிகளில் 24 வரை எல்லாமே எர்த். 25 பின் கனெக்டரில் 6-ஆம் கம்பி 16-ஆம் பின்னில் விழுகிறது. அது பிரின்டரை ரீசெட் செய்யும் பின். அது எர்த்தில் இருக்கும்வரை பிரின்டர் ரீசெட்டிலேயே நிற்கும். 4-ஆம் கம்பி 15-ஆம் பின்னில், பிரின்டர் பிழை சொல்லும் இடத்தில் விழுகிறது. ஆக 4-ஐயும் 6-ஐயும் மட்டும் நடுவில் வெட்டுங்கள். 2-ஆம் கம்பி இருக்கட்டும், அது ஒவ்வொரு வரிக்கும் தாளை நகர்த்தச் சொல்லும். 8-உம் இருக்கட்டும், சில பிரின்டர்களுக்கு அது வேண்டும். 26 போக, வெட்ட வேண்டியது 4, 6. வேறெதையும் தொடாதீர்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆபத்து ஒன்றுதான், கனெக்டரைத் தலைகீழாகச் செருகுவது. அப்படிச் செய்தால் டேட்டா கம்பிகள் எர்த்தில் போய் நிற்கும். அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த சீரியல் வாயின் 7-ஆம் பின்னில் வையுங்கள். மறு முனையால் பிரின்டர் வாயின் இரண்டு வரிசைகளையும் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து பீப் அடிக்கும் வரிசை இரட்டைப்படை. கேபிளின் 2-ஆம் கம்பி அந்த வரிசையில்தான் போய் உட்கார வேண்டும். மெஷினின் அடிப்பக்கத்தில் இருக்கும் வாயில் மட்டும் எந்தக் கேபிளையும் செருகிப் பார்க்காதீர்கள், அங்கே கரண்ட் வருகிறது.

'சரிபார்த்துத் தருகிறேன், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள்' என்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கதவும் தூணும் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் இன்னும் கிலோ கணக்கில்தான் அள்ளுகிறார்கள். ஓடுகிற மெஷினையும் உடைத்துப்போடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

எல்லாம் செருகியபின் பிரின்டரை முதலில், கணினியை அடுத்து ஆன் செய்து, பிரின்ட் விசையை அழுத்துங்கள். திரையில் இருப்பது தாளில் வர வேண்டும். வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் கேபிளைக் குறைசொல்லாதீர்கள். பிரின்டர் அமைப்பில் ஆட்டோ லைன் ஃபீடை (வரிக்கு வரி தாளைத் தானாக நகர்த்துவதை) ஆன் செய்தால் போதும். அப்புறம், போர்டில் பற்றவைத்த ஒரு சிறு நிக்கல்-காட்மியம் பேட்டரி உள்ளே இருக்கிறது. இத்தனை வருடத்தில் அது கசிந்திருக்கலாம். பச்சையாகப் பூத்திருந்தால் கேபிள் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் கழற்றச் சொல்லுங்கள், உங்கள் கண் எதிரிலேயே.